வலைக்கண் அளவு

பதினான்காம் பிரிவில் சிக்கியபடி
மூன்றாம் நாளும் முடிந்தது.
நடவடிக்கைக் குறிப்பில் நான் எழுதினேன்:
'வேண்டும்' என்ற சொல் அடைப்புக்குறிக்குள் வைக்கப்பட்டது.
'முயலலாம்' என்ற சொல்லும்.
அந்தச் சதுரக் குறிகளுக்கு நடுவே
ஒற்றைக் காலில் நின்றது உலகம்.

புதிய பேரவைக்கு எத்தனை நாற்காலி,
எவர் ஒருவர் தலையசைத்தால்
உயர்ந்த நூறு கைகளும் கீழிறங்கும் –
பிரெகென்ஸ் நகரின் விடுதிக் கூடத்தில்
காபி மூன்று முறை ஆறிப்போனது.
ஒரு தூதர் தன் நாட்டின் பெயர்ப்பலகையைக்
கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்,
பளபளத்தால் வாக்கின் எடை கூடிவிடும் என்பதுபோல.

சன்னலுக்கு வெளியே ஏரி.
அதைப் பற்றி எவரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.

மாலையில் படகுத்துறைக்கு நடந்தேன்.
கூடவே மலாவியின் சட்ட ஆலோசகர்
டமண்டானி கன்யெண்டா,
இரவல் கோட்டில், கைவிரல்கள் வெளியே தெரியாமல்.
அங்கே மீன்வளக் கண்காணிப்பாளர் ரோஸ்வீதா லெங்லே
பறிமுதல் செய்த வலையை முழங்காலில் விரித்து
ஒவ்வொரு கண்ணிலும்
பித்தளை ஆப்பு ஒன்றை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
(ஆப்பு வைப்பதற்கு என் மொழியில் இன்னொரு பொருள் உண்டு.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.)

"எல்லை எங்கே இருக்கிறது?" என்றாள் டமண்டானி.

"இந்த அகன்ற நீரிலா? இல்லை.
சுவிஸ்காரர்கள் நடுவில் என்கிறார்கள்.
நாங்கள், ஏரி எல்லோருக்கும் பொது என்கிறோம்.
ஜெர்மானியர்கள் பிடிகொடுத்துப் பேசுவதில்லை.
இன்றுவரை ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை."

"பிறகு எதில்தான் போட்டீர்கள்?"

ஆப்பை உயர்த்திக் காட்டினார்.
"இதன் அகலத்தில்.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றிலிருந்து
இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.
இந்த வலை என் அக்கா கணவருடையது.
ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு.
அபராதம் எழுதிவிட்டேன்.
ஞாயிறு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.
சூப்பில் உப்பு தூக்கலாக இருக்கும்."

நான் சிரித்தேன்.
பதினான்காம் பிரிவு என் தலைக்குள்
தானாகவே திருந்தத் தொடங்கியது:
கோட்டை விடு, கண்ணை அள.
எவ்வளவு எளிது!

டமண்டானி சிரிக்கவில்லை.

"எங்கள் ஏரியிலும் கோடு முடிவாகவில்லை.
ஒரு வரைபடத்தில் அது அக்கரை மணலைத் தொடுகிறது,
இன்னொன்றில் ஏரியின் நடுவே போகிறது.
வரைந்த எவருக்கும் அங்கே வலை கிடையாது.
இரண்டு கோட்டுக்கும் இடையில்
உசிபா மீனுக்காக விளக்கேற்றிப் போகிறவன்
நெருங்கும் படகு யாருடையது என்று
என்ஜின் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.
உங்களால் கோடில்லாமல் தூங்க முடிகிறது.
பசியாறியவர்களின் மௌனமும் ஓர் ஒப்பந்தம்தான்."

ரோஸ்வீதா வலையை மடித்தார். அவசரமில்லாமல்.
"மீன் குறைந்தபோது
எல்லாக் கரையிலும் வலையைக் கரையேற்றினோம்.
பசியாறிச் செய்யவில்லை."

"மீறுகிறவரை யார் பிடிப்பது?"

"அவரவர் ஆளை அவரவர்."

"பெரிய வலை வைத்திருப்பவனும்
தன் ஆளைத் தானே பிடிப்பானா?"

அதற்கு ரோஸ்வீதாவிடம் பதில் இல்லை.
பையில் இருந்த பழைய ஆப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை.

நான்காம் நாள் காலை
டமண்டானி ஒரே ஒரு வரி முன்மொழிந்தாள்:
ஆகப் பெரிய வலையே முதலில் அளக்கப்பட வேண்டும்.

பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.
யாரோ இருமினார்.
தலைவர், வரிக்கு நன்றி சொல்லி
அதை முழுதாக அடைப்புக்குறிக்குள் வைத்தார்.
நான் குறித்துக்கொண்டேன்:
ஏற்கப்படவில்லை. நிராகரிக்கப்படவும் இல்லை.

உணவு இடைவேளையில் கூடம் காலியானது.
டமண்டானி மட்டும் எழுந்திருக்கவில்லை.
வரைவுத் தாளை என் பக்கம் திருப்பி
அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே
ஆப்பைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தாள்.

"நுழையவில்லை" என்றாள்.
"எழுதிக்கொள்."