ஒன்பதரை மணி நேரம்

ஹெப்சிபாவின் குரல் காலை ஏழரைக்கு வரும்.
அவளுக்கு அது நேற்றிரவு பத்து.
"இன்னும் தூங்கலையாடி?" என்பேன்.
"அதுக்குள்ள எழுந்துட்டியா?" என்பாள்.
அடுக்கம்பாறை வார்டில்
நைட் டியூட்டி மாற்றிக்கொண்ட காலத்திலும்
இப்படித்தான்.

டொமினிக்காவில் அவள் வீட்டுக்குக் கீழே
ஓர் அறை காலி.
ரிட்டயர் ஆயிட்ட, பிள்ளையா குட்டியா,
வந்துடு என்கிறாள்.
வருஷத்துக்கு எத்தனை நாளோ
அத்தனை ஆறு என்பார்களாம் அந்தத் தீவில்.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது
அதை நினைத்துக்கொண்டேன்.
கீழே, ஆறு இருந்த இடத்தில்
பையன்கள் இரண்டு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
ஓர் ஆட்டத்துப் பந்து
மற்ற ஆட்டத்துக்குள் போய்விட்டது.

பென்ஷனை முப்பதால் வகுத்தேன்,
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்.
வந்த எண்ணைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"முட்டைதான் இங்க விலை" என்றாள் பிறகு.
"முட்டையை விட்டுட்டா சமாளிக்கலாம்."

மே மாதம் முழுக்க அவள் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.
சத்துவாச்சாரி மலைப்பாறை
பகலில் குடித்த வெயிலை
இரவு இரண்டு மணிவரை எங்கள் தெருவில் கக்கும்.
மாடித் தொட்டித் தண்ணீரில் கை கழுவ முடியாது,
டீத்தூள் போடலாம்.
அங்கே சேப்பங்கிழங்கு உண்டு.
புளியமரமும் உண்டு.
பழத்தைச் சர்க்கரையில் உருட்டித் தின்கிறார்களாம்,
குழம்பு வைக்கத் தெரியாத ஜனம் என்று சிரிக்கிறாள்.
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்குமா
என்று நான் கேட்கவில்லை.
கேட்டால், விதை கொண்டு வா என்பாள்.
அப்புறம் போய்த்தான் ஆகவேண்டும்.

கூரை பறந்த புயல் இரவில்
குளியலறைக்குள் மெத்தையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு
ஒரு ஜெபமும் ஞாபகம் வராமல்
அட்ரினலின் அரை மில்லி, அட்ரோபின் பாயிண்ட் ஆறு என்று
மருந்தளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.
விடிந்து பார்த்தால் மலையில் ஓர் இலை இல்லை.
"நம்ம வேலூர் மலை மாதிரியே இருந்துச்சுடி.
அப்பத்தான் அழுதேன்."

என் மாடி அறையில் தீபாலி மண்டல்.
கணவனின் சிறுநீரகத்துக்காக
ஒரு குளத்தை விற்றுவிட்டு
இரண்டு நாள் ரயிலில் வந்தவள்.
தீவின் படத்தைக் காட்டினேன்.
"பெரிய ஆஸ்பத்திரி இருக்கு?" என்றாள்,
காந்தி ரோட்டில் கற்ற தமிழில்.
பெரிதாய் ஏதும் வந்தால் விமானத்தில் வேறு தீவுக்கு
என்றேன்.
தண்ணீருக்கு வெகுதூரம் நடந்து வந்தவள்
கிணற்றடியிலிருந்து எழுந்து போகிறவளைப் பார்ப்பதுபோல்
பார்த்தாள்.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபத்திரண்டு படி.
இதை மட்டும் ஹெப்சிபா மூன்று மாதம் மறைத்தாள்.
என் இடது முழங்கால் அன்றே முடிவெடுத்துவிட்டது.
வலதுக்கு இன்னும் ஆசை.

வருஷத்துக்கு ஒருமுறை கருவூலத்தில் போய்
உயிரோடிருக்கிறேன் என்று காட்டவேண்டும்.
முப்பத்தைந்து வருஷம் லோஷனில் தேய்ந்த விரல்,
ரேகை ஏறாது.
"ஊதிட்டு வைங்க ஆன்ட்டி" என்பான் அந்தப் பையன்,
நிமிராமலே.
ஊதுவேன். நாலாம் முறை பச்சை விளக்கு எரியும்.
இருக்கிறேன்.
அங்கே போனாலும் காட்டலாம், தூதரகத்தில்.
தூதரகம் இன்னொரு தீவில்.
ஆனால் ஊதச் சொல்ல யார் இருப்பார்கள் என்று யோசித்து
இது என்ன ஒரு காரணமா என்று
நானே அடித்துவிட்டேன், கரண்ட் பில்லில்.

இன்று காலை அவள் எதுவும் கேட்கவில்லை.
அறைக்குப் பெயிண்ட் அடித்தாயிற்றாம்.
"என்ன கலர்?"
"நம்ம ஹாஸ்டல் கதவுப் பச்சை."
அவள் முதுகுக்குப் பின்னால்
இன்னும் நேற்றாகவே இருந்த இருட்டில்
தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன்.
போனை அணைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு
படியில் ஒவ்வொரு காலாக இறங்கினேன்.
மாடியிலிருந்து தீபாலி ஓடிவந்து
என் குடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.
"யாருடி அது ஓடறது?" என்றது
இடுப்பிலிருந்து ஒரு குரல்.