பன்னிரண்டாவது டேங்க்

பன்னிரண்டுக்குக் குறைந்தால் அச்சு வெட்டமாட்டேன் என்றான்
ரொசாரியோவில் பட்டறை வைத்திருக்கும் டெல்மோ ஸ்கார்பின்.
எங்கள் பக்கம் அந்த மாடல் வண்டி
எண்ணிப் பார்த்தால் எட்டு.
அதில் ஒன்று கோழி அடையும் கொட்டகையில்.

பழைய டேங்க் ஒன்பது லிட்டர்.
பட்டகோனியக் காற்று எதிரே நின்றால்
நூற்றெண்பது கிலோமீட்டர் வரும், வேண்டிக்கொண்டால்.
அடுத்த பங்க் இருநூற்றுப் பத்தில்.
மிச்சம் முப்பது கிலோமீட்டரில்தான்
நாங்கள் ஒருவருக்கொருவர் அறிமுகம்:
வண்டியைத் தள்ளிக்கொண்டு,
லாரிகளுக்குக் கைகாட்டிக்கொண்டு,
அரை பாட்டில் பெட்ரோலுக்கு
வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டு.

நான் மருந்துக்கடைக்காரி.
பாக்கி வசூலிக்கத் தெரியும் என்பதால்
என் தலையில் கட்டினார்கள்.

கெய்மனிலிருந்து ஐவோர் பியூ இரண்டு எடுத்தான்.
உப்பளத்து ரீனால்டி சகோதரிகள் ஆளுக்கொன்று.
மாட்டு வைத்தியர் அமீல்கர் மட்டும்
வண்டியே இல்லாமல் ஒன்று கேட்டார்.
"டேங்க் வரட்டும், வண்டி தானாக வரும்."
பன்னிரண்டாவது பால்டொமேரோ.
பாதிப் பணம், மீதி அறுவடைக்கு அப்புறம் என்றான்.
அவனுக்கு நிலம் கிடையாது என்பது
ரசீது எழுதின பிறகுதான் உறைத்தது.

மூடி இடமா வலமா என்று ஒன்பது நாள் சண்டை.
வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்,
இடம் வைத்தால் வழியும் என்றது ஒரு கட்சி.
வலம் வைத்தால் நான் சாவியை எந்தக் கையால் திருப்புவேன்
என்றார் வலக்கையில் மூன்றே விரலுள்ள தபால்காரர்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
இடம்.

டெல்மோ சொன்ன விலை
வெள்ளிக்கிழமை மதியம் வரை.
வியாழன் இரவு பிஸ்கட் டப்பாவில் எண்ணி வைத்த பணம்
திங்கள் காலை அதே பணம்தான்,
ஆனால் ஒரு டேங்க் குறைந்திருந்தது.
எவரும் திருடவில்லை.
எங்கள் நாட்டில் பணத்துக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி.

மறுபடி வசூலித்தேன்.
இந்த முறை டேங்க் வாங்கவில்லை, தகடு வாங்கச் சொன்னேன்.
அலுமினியம் ராத்திரியில் இளைக்காது.
ஒவ்வொரு தகட்டிலும் சாக்பீஸால் பெயர் எழுது என்றேன்.
டெல்மோ சிரித்தான், எழுதினான்,
ஐவோர் பெயரை மட்டும் மூன்று விதமாக.

பால்டொமேரோ போனை எடுக்கவில்லை.
சுரங்கத்துக்குப் போய்விட்டான் என்றார்கள்,
சிலிக்குப் போய்விட்டான் என்றார்கள்.
என் கடைவாய்ப் பல்லுக்கு வைத்திருந்த பணத்தை
அவன் தகட்டின் மேல் வைத்தேன்.
பல் இன்னும் வலிக்கிறது,
குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்போதெல்லாம்
அவன் பெயர் வாய்க்குள் கூசும்.

ஜூன் மாதம் விடியாத காலையில்
பஸ்ஸின் வயிற்றிலிருந்து பன்னிரண்டு பெட்டி.
தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுருதி.
பதினெட்டு லிட்டர்!
ஐவோர் ஒன்றைக் கைக்குழந்தைபோல் தூக்கி
எல்லோரிடமும் காட்டினான்.
கசிந்தது ஒன்றே ஒன்று.
என்னுடையது.

அதைக் கழற்றிக் கடைக்குப் பின்னால் மாட்டிவிட்டு
பால்டொமேரோவின் டேங்கை என் வண்டியில் பூட்டினேன்.
கணக்குப்படி பாதி அவனுடையது.
எந்தப் பாதி என்று நான் யோசிக்கவில்லை.

ஆகஸ்டில் வந்தான்.
வண்டியைத் தள்ளிக்கொண்டு, உதடு வெடித்து.
பெட்ரோல் எங்கே தீர்ந்தது என்று கேட்கத் தேவையில்லை,
எல்லோருக்கும் தீரும் இடம்தான்.
உறையில் மீதிப் பணம், போன வருஷ விலைக்கு.
இன்று அதில் ஒரு மூடி வாங்கலாம், சாவியில்லாமல்.

அவன் என் வண்டியைப் பார்த்தான்.
நான் உறையைப் பார்த்தேன்.
சுவரிலிருந்து கசியும் டேங்கை இறக்கி
அவன் மடியில் வைத்தேன்.
சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தேன்,
அவன் தையல் முழுக்க சோப்பு நுரை தடவினான்,
இரண்டு பேரும் குனிந்து காத்திருந்தோம்.

மிளகளவு குமிழ் ஒன்று எழும்பியது.
"இதோ" என்றான்,
விரலை எடுக்கவேயில்லை.