காறை

"அவாஸ்!" என்று கத்தினான் சஹ்ருல்.
நான் நிமிர்ந்தேன்.
ஓடியிருக்க வேண்டும்.
உதிரிப்பழம் பொறுக்கிய பதினாறு வருஷமும்
குனிந்தே இருந்தவள்,
நிமிர்ந்த நேரம் அது.
இருபத்திரண்டு கிலோ குலை
தலையை விட்டுவிட்டுத் தோளில் இறங்கியது.

தாப்பா ஆஸ்பத்திரிக்கு லோரியில் போனோம்.
பீடோர் சாலையின் ஒவ்வொரு குழியும்
என் எலும்பைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது.
எனக்குத்தான் அந்தப் பேர் தெரியாது.

முன்னால் ஒரு முறிவு, முதுகில் ஒரு முறிவு.
இரண்டு பக்கமும் பிடி விட்டால்
தோள் மிதக்கும் என்றார் டாக்டர் ஹஸ்லினா.
எனக்கு நீந்தத் தெரியாது, டாக்டர்.

விலாவைத் தொட்டுப் பார்த்தார்,
மூச்சை இழுக்கச் சொன்னார்,
மணிக்கட்டில் நாடி தேடினார்.
விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு
"அடா ராசா?" என்றார்.
உணர்ச்சி இருக்கிறதா என்பது அவர் மொழியில்.
என் காதில்
யாரோ ஒரு ராசாவை அதட்டுவதாக விழுந்தது.
சிரித்துவிட்டேன்.
ஒரு சிரிப்பு உடம்பில் எங்கெங்கே போய் இடிக்கும் என்று
அன்றைக்குத் தெரிந்தது.

எலும்பு அதிகம் விலகவில்லை,
வெட்ட வேண்டாம், தகடு வேண்டாம்.
நாற்பத்து மூன்று வயதில்
கைக்கு ஒரு நீலத் தூளி.
முடிச்சைச் சரிசெய்த லோகநாதன் சொன்னார்,
"காறை எலும்பும்மா அது."

காறை.
கழுத்துக்குப் போடுகிற நகை அல்லவா?
என் சங்கிலி போன தீபாவளியிலிருந்து
பீடோர் அடகுக்கடையில்.
எந்தக் கடையும் எடைபோட முடியாத ஒன்று
இத்தனை நாள் தோலுக்கடியில் கிடந்திருக்கிறது.

ஆறு வாரம் பாரம் தூக்காதே என்றார் டாக்டர்.
பெர்கேசோ பாரம் மூன்று, இன்றைக்கே நிரப்பு
என்றார் கிராணி தேவசகாயம்.
இடது கையால் விமலேஸ்வரி என்று எழுதப் போய்
கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம்.
பெருவிரல் போதும் என்றார்.

படுத்தால் வலி. சுவரில் சாய்ந்து
மூன்று தலையணையோடு உட்கார்ந்தே தூங்கினேன்.
ஒரு கையால் பித்தான் போடலாம்.
உருண்டு ஓடும் வெங்காயத்தை
எப்படியாவது அரிந்துவிடலாம்.
தலை பின்ன முடியாது.
மூன்றாம் நாள் மெய் லிங் சலூனில்
இடுப்பு வரை இருந்ததைக்
காது வரை வெட்டச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் சஹ்ருல் வந்தான்,
ஒரு ரொட்டி, ஒரு டின் மைலோ.
வாசலைத் தாண்டவில்லை.
முகத்தைப் பார்த்தான், முடியைப் பார்த்தான்,
தோளை மட்டும் பார்க்கவில்லை.
மலாயில் மன்னிப்புக் கேட்டான்,
பிறகு லொம்போக் மொழியில் ஏதோ,
அது எனக்குச் சொன்னது இல்லை போல.
எனக்கு வார்த்தை வரவில்லை.
மாத்திரைப் போத்தலை நீட்டினேன்.
அமுக்கித் திருக வேண்டிய மூடி,
காலையிலிருந்து என்னை ஜெயித்துக்கொண்டிருந்தது.
திறந்தான்.
திரும்ப இறுக்கப் போனான்.
"இறுக்காதே," என்றேன், "நாளைக்கும் வேணும்."
அப்போதுதான் தோளைப் பார்த்தான்.

இப்போது ஃபிசியோ.
மேசையைப் பிடித்துக் குனி, கையைத் தொங்கவிடு,
வட்டம் போடு.
முதலில் இருபது காசு அளவு,
பிறகு கிண்ணம், பிறகு தட்டு.
பெலான் பெலான் என்கிறார் மிஸ் சோங்.
பாதி வெட்டி விட்ட மட்டை மாதிரி ஆடுகிறது கை.
குனிவது எனக்குப் புதிதா என்ன?

புது எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிக் கொஞ்சம் புகை.
சேர்வது அப்படித்தான் தெரியுமாம்.
சேர்ந்த இடம் மேடாகவே இருக்குமாம்.
தடவிப் பார்த்தேன்,
சங்கிலியின் கொக்கி இருக்கும் இடம் போல
விரலில் தட்டியது.

திங்கட்கிழமையிலிருந்து
இலேசான வேலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
தோட்டத்தில் அது எந்த வேலை என்று
கிராணியைத்தான் கேட்க வேண்டும்.