நள்ளிரவுக் கணக்கு

யெர்ஷாப்னாவுக்கு வியாழன் மட்டும்தான் பேருந்து.
நான் போனது செவ்வாய், தபால் துறை சைக்கிளில்,
நிரப்பிய படிவங்களை வாங்கிவர.

ஊராட்சி அலுவலகம் என்பது தீயணைப்புக் கொட்டகையின் மாடி.
மேயர் லுபோர் பழைய பேரேட்டை விரித்தார்:
பேரரசர் காலத்து மையில் முந்நூற்றுப் பன்னிரண்டு தலைகள்,
நூற்றெட்டு மாடுகள்.
"மாடுகளையுமா எண்ணினார்கள்?"
"மாடுகளைத்தான் ஒழுங்காக எண்ணினார்கள்."

இரண்டு பக்கங்களுக்கு நடுவே
பத்தொன்பது பேர் குறைந்தார்கள்.
குளத்தருகே கல்லில் இருக்கிறார்கள்,
எழுத்துக்குள் பாசி.

ஐம்பதாம் ஆண்டில் தொண்ணூற்றாறு.
அதற்கு முன்பு ஜெர்மன் பேசுவோருக்கென்று ஒரு பத்தி இருந்தது.
பிறகு பத்தியே இல்லை.
"ஆளுக்கு ஐம்பது கிலோ மூட்டை" என்றார் லுபோர்,
ஜன்னலைப் பார்த்தபடி.
அவர் வீட்டு நிலைக்கல்லில் யாருடைய முதலெழுத்தோ.
நான் கேட்கவில்லை.
படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.

காளான் காலத்தில் வந்தால் இருநூறு பேர் தேறும்,
பிராக் கார்கள், நாய்கள், வார இறுதிப் புகைபோக்கிகள்.
அரசாங்கமோ மார்ச்சில் எண்ணுகிறது,
அதுவும் ஒரு நள்ளிரவில்,
விலாசம் எங்கோ ஆளும் அங்கே என்று.

ஹௌட்கோவா கணவரின் படிவத்தை நீட்டினாள்:
ஓல்ட்ரிஹ், எண்பத்தொன்று, மரம் அறுப்பவர், ஓய்வு.
"விடிகாலை நாலுக்குப் போனார்.
கணக்கு பன்னிரண்டுக்குத்தானே?
இருந்தார். இருமினார்கூட."

கடைக்காரர் துங்கிடம் இரண்டு படிவங்கள்.
மனைவி மாவட்ட மருத்துவமனையில்.
பெண் குழந்தை, அதே இரவு, பன்னிரண்டு பத்து.
விதியை வாசித்தேன்.
வாசிக்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.
"அப்போ எப்போ?"
"பத்து வருஷம் கழித்து."
ஒரு சாக்லேட்டை என் பையில் போட்டார்,
லஞ்சமா, ஆறுதலா, தெரியவில்லை.

முப்பத்துநான்கு என்று எழுதினேன்,
இருமல் உட்பட.

அடுத்த கணக்கு கணினிக்குள் போய்விட்டது.
என்னை யாரும் அனுப்பவில்லை.
ஒரு வியாழனன்று சும்மா பேருந்தேறினேன்.
கல்லாவில் முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்,
அப்பாவுக்காகக் கைப்பேசியில் கேள்விகளை உரக்கப் படித்துக்கொண்டு.
"தாய்மொழி. ரெண்டு வரைக்கும் போடலாமாம்.
ரெண்டையும் போட்டுட்டேன்."
பிறகு என்னிடம்: "உங்களுக்கு என்ன வேணும்?"

தீப்பெட்டி என்றேன்.
சில்லறையை
இருமுறை எண்ணித் தந்தாள்.