நிறச்சில்லு

சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டேன்.
மேசையில் வைத்து ஆளியைப் போட்டதும்
நுளம்பு மாதிரித் தொடங்கி
சாணைக்கல் மாதிரி ஏறியது.
"எப்ப தொட்டு இப்பிடி?"
"கச்சான் கிளம்பின நாள் தொட்டு" என்றார் பிறேமளா டீச்சர்.
"முதல்ல சத்தம் மட்டும்.
மறுகாதான் ரத்தம் பச்சையாச்சு."

களுவாஞ்சிகுடியில் தகரக் கொட்டில்,
தொண்ணூறு பிள்ளைகள், உயர்தர உயிரியல்.
இதயத்தின் படம் போட்டாராம்.
இடது அறையிலிருந்து
பச்சைக் கொச்சிக்காய் நிறத்தில்
பெருநாடி புறப்பட்டதாம்.
சிரிப்பு அடங்க அரை மணித்தியாலம்.

புதுச் சில்லுக்குக் கொழும்பில் சொன்னால் ஆறு கிழமை.
பரீட்சைக்கு ஐந்து.

கல்முனை பஸார், புடவைக்கடைக்கு மேல்மாடி,
என் தட்டில் செத்த புரொஜெக்டர் ஒன்று கிடக்கிறது.
எந்த நிறுவனம், எந்தத் திட்டம், தெரியாது.
ஸ்டிக்கரில் பாதிக் கொடி மிச்சம்.
விளக்குப் போய்விட்டது, போர்டு போய்விட்டது,
சில்லு மட்டும்
ஊதினால் கிறுகுகிறது.

வளையலைக் கழற்றி வைத்தேன். கையுறை.
மூன்று திருகாணி, இரண்டு நீளம், ஒன்று கட்டை,
மாறிப் போட்டால் புரி வழுக்கிவிடும்.
வியர்வை ஒரு துளி விழுந்தாலும்
கண்ணாடியில் வெந்து கறையாகும்.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
டீச்சர் நிறுத்திவிட்டு
முந்தானையால் தனக்கு மட்டும் வீசிக்கொண்டார்.

பழையது வெளியே வந்தது.
மாரி பிஸ்கட்டை விடச் சின்னது.
சிவப்பு, பச்சை, நீலம்,
பிறகு ஒன்றுமே பூசாத ஒரு துண்டு.
பச்சையின் விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு குறை.
அச்சைத் தொட்டேன்,
விழப்போகும் பால்பல்லைப் போல ஆடியது.

சுவரில் நாங்கள் வெள்ளை என்று பார்ப்பது
நிமிடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் தரம்
இந்த மூன்றும் ஒன்றையொன்று துரத்துவதை.
எந்தக் கணத்திலும் அங்கே ஒரு நிறம்தான்.
மற்றதைக் கண் கடன் சொல்லி வைத்திருக்கிறது.
டீச்சருக்கு இது தெரியும், விழித்திரை அவருடைய பாடம்.
ஆனாலும்
"அப்ப வெள்ளையே இல்லையா, நிஸ்ரினா?" என்று கேட்டார்,
கடைசி பஸ்ஸை விட்டவரின் குரலில்.

செத்ததன் சில்லு உயிரோடிருந்ததில் பொருந்தியது.
ஆளி.
சத்தமே இல்லை. எனக்கே சந்தேகம்,
காதை வைத்துப் பார்த்தேன்.
சுவரில் இதயம்
சவர்க்கார நீலம்.

ஒரே கம்பனி, வேறு வருடம்.
சில்லின் நடுக்குடத்தில் கறுப்பாக ஒரு துண்டு ஒட்டியிருக்கும்.
அதைக் கண்டுதான் பெட்டி எண்ணத் தொடங்கும்,
சிவப்பு இங்கிருந்து என்று.
இந்தச் சில்லுக்கு அந்த 'இங்கிருந்து' வேறிடம்.
உரித்தேன். ஒரு நகத்தின் அகலம் தள்ளி ஒட்டினேன்.
கத்தரிப்பூ நிறம்.
இன்னொரு நகம்.
செம்மஞ்சள். டீச்சர் "போதும் புள்ள, இது காணும்" என்றார்.
காணாது.
அரைச் சோற்றுப் பருக்கை.

சிவப்பு.

டீச்சர் எழும்பிப்போய்ச் சுவரைத் தொட்டார்.
பெருநாடி அவர் முதுகில் வளைந்து
பின்னலுக்குள் இறங்கியது.
"வாரண்டி?"
"பரீட்சை முடியுமட்டும்."
பாதிக் காசு தந்தார், மீதிக்கு நாள் சொன்னார்.
நான் இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து போன்.
படம் திறம், சத்தம் இல்லை,
ஆனால் குருக்கள்மடத்துப் பொடியன் ஒருத்தன், லதுஷாந்,
முன்வரிசையில் வாய் திறக்காமல் இருப்பவன்,
பெருநாடியைப் பச்சையாகத் தீட்டியிருக்கிறானாம்.
அம்புக்குறி சரி, வால்வு மூன்று இதழும் சரி,
ஒட்சிசன் கூடியது என்று எழுத்தும் சரி.
"பிழை போடவா?"

கடிபட்ட அந்தப் பச்சைத் துண்டை
யன்னலுக்கு நேரே பிடித்திருந்தேன்.
ஊடாகப் பார்த்தால் பச்சை.
சாய்த்தால் அதன் முகத்தில் கத்தரிப்பூ ஊதா.
கீழே அக்கரைப்பற்று பஸ்
ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.
"கொஞ்சம் பொறுங்க டீச்சர்" என்றேன்.