சேகரித்த இடம்

ஹெப்பாள் மேம்பாலத்துக்குக் கீழே
சாலையைப் பிளக்கும் மண்திட்டில்
ஏப்ரலிலும் பச்சையாக நின்றது ஒரு புல்.
சுற்றிலும் எல்லாம் கருகிய பிறகு
இது மட்டும் யாரிடம் கடன் வாங்கியது என்று
சிக்னல் விழுந்த தொண்ணூறு நொடியில்
ஸ்கூட்டரை ஓரங்கட்டி,
டிபன் டப்பா ஸ்பூனால் வேரோடு கிளறி எடுத்தேன்.
போக்குவரத்துக் காவலர் பார்த்தார்.
பைத்தியம் என்று முடிவுகட்டி
விசிலை ஒரு லாரியின் பக்கம் திருப்பினார்.

வேரைக் கழுவிய நீரில் ஒரு சொட்டு.
அதைப் பத்தில் ஒன்றாக்கி,
அதையும் பத்தில் ஒன்றாக்கி,
ஆறு முறை நீர்க்கவைத்து
அகர் தட்டில் தடவினேன்.
மூன்றாம் நாள்
மோர் சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.
ஒன்று மட்டும் கொழகொழவென்று
ஊசியோடு நூலாய் எழுந்து வந்தது.
நோட்டில் எழுதினேன்: எச்-47.
பெயர் வைக்கும் அதிகாரம் எனக்கில்லை.

பீன்யாவில் எங்கள் கம்பெனி.
ஐந்நூறு லிட்டர் கலனில்
வெல்லப்பாகு குடித்துக்
கோடி கோடியாய்ப் பெருகியது.
கரண்ட் போன ஓர் இரவில்
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
அதற்குக் காற்றில்லையே என்று
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை
அறிக்கையில் சேர்க்க இடமில்லை.

சிக்கஜாலாவைத் தாண்டி கெம்பம்மாவின் ராகிக்கொல்லை.
நாலு நிமிடத்துக்கு ஒரு விமானம்
சக்கரத்தை நீட்டிக்கொண்டு தலைக்குமேல் இறங்கும்.
பன்னிரண்டு பாத்தி பிரித்துச்
சீட்டுக் குலுக்கினோம்:
ஆறுக்கு உயிருள்ள திரவம்,
ஆறுக்கு அதையே கொதிக்கவைத்துக் கொன்றது.
பாட்டிலை வெயிலுக்கு எதிரே தூக்கி
"ஊட்ட ஆயித்தா?" என்று
சாப்பாடு விசாரித்தாள் கெம்பம்மா,
என்னிடம் அல்ல, அதனிடம்.
இது உரமில்லை, எதையும் கொண்டுவந்து கொட்டாது,
வேர் நுனியில் குடியேறி
வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்றுவிட்டு
நீளு, இன்னும் நீளு என்று ஏதோ சொல்லும்
என்று என் ஓட்டைக் கன்னடத்தில் விளக்கினேன்.
"வாடகைக்கு வந்த குடும்பம்," என்றாள்.
"நல்லவங்களா வாய்ச்சா சரி."

ஆகஸ்ட்டில் இருபத்து மூன்று நாள் மழை இல்லை.
அப்புறம் மயில்கள் வந்தன.
உயிருள்ள பாத்தி, செத்த பாத்தி என்ற வேற்றுமை
மயிலுக்குக் கிடையாது.
மீந்த கதிரை நிறுத்ததில்
எட்டு சதவீதம் கூடுதல்.
அது தற்செயலாகவும் வரலாம் என்றது கணக்கு.
மேலாளர் அஸ்வத்நாராயணா
கணக்கை மடித்து வைத்துவிட்டு
"இருப்பதிலேயே உயரமான செடியைப் போட்டோ எடு,
லேபிளுக்கு வேணும்" என்றார்.

போன அன்று
கெம்பம்மா பாத்திக்கு ஒன்றாய் இரண்டு செடி பிடுங்கினாள்.
இரண்டும் ஒரே உயரம்.
இடது கையை உதறினாள்:
மண் பொலபொலவென்று உதிர்ந்து
வேர் வெளுத்துத் தொங்கியது.
வலது கையை உதறினாள்.
உதறினாள்.
மண்வெட்டிக் காம்பில் தட்டினாள்.
மண் விடவில்லை.
ஒவ்வொரு வேரிழையும்
கம்பளி நூல் சுற்றிய மாதிரி
செம்மண்ணை உடுத்தியிருந்தது.
"மழை வராத நாளெல்லாம்
இதைத்தான் சப்பிக்கிட்டு இருந்திருக்கு."
அவளிடம் தராசு இல்லை.

செடியைக் கன்னடச் செய்தித்தாளில் சுற்றி
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
எலஹங்காவரை ஒன்பது வேகத்தடை;
தாளில் சிந்தியது ஒரு சிட்டிகை.
ஹெப்பாளில் எட்டிப் பார்த்தேன்.
மண்திட்டு இல்லை.
தகரத் தடுப்பு, கம்பிக் கட்டு,
ஈரச்சாக்கு போர்த்திய புதுத் தூண்.

இன்று படிவம் வந்திருக்கிறது,
எச்-47-ஐப் பதிவுசெய்ய.
'சேகரித்த இடம்' என்று ஒரு கட்டம்.
மேம்பாலம் என்று எழுதி அடித்தேன்.
அட்சரேகை, தீர்க்கரேகை எழுதினேன்;
அந்த எண்களில் இப்போது சிமெண்ட் இருக்கிறது.
'தற்போதைய முகவரி' என்று
கட்டமே இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்:
சிக்கஜாலா, கெம்பம்மா கொல்லை,
நான்காம் பாத்தி. வாடகைக்கு.