நூறு மீட்டர்

சுற்றுச்சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.
காலை ஆறு முதல் ஏழு,
மாலை ஏழு முதல் எட்டு.
மருத்துவமனையிலிருந்து நூறு மீட்டருக்குள் கூடாது.
குடிசைப் பக்கம் ராக்கெட் கூடாது.
சரவெடி கூடவே கூடாது.
மழையில் பசை விட்டு
கடைசி வரி மட்டும் மடங்கித் தொங்குகிறது.
மீறினால் என்ன என்பது
அதில்தான் இருந்தது.

நூறு மீட்டர் எதுவரைக்கும் என்று
வாட்ச்மேன் புண்ணியகோடி
காலடி வைத்து அளந்து பார்த்தார்.
டீக்கடை உள்ளே வருகிறது.
மருந்துக்கடை வருகிறது.
செல்போன் கடை பாதி வருகிறது.
"மீதிப் பாதியில வெடிச்சா
நான் என்ன சிஸ்டர் பண்றது?"

கெடிலத்துத் தண்ணீர் பாலத்தை எட்டிப் பார்த்த வாரம்.
நமுத்துப்போன வெடிகளைப் பையன்கள்
ஆம்புலன்ஸ் ஷெட் தகரத்தின் மேல்
பகலெல்லாம் காயவைத்தார்கள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
காயவைக்கக் கூடாது என்று
சுவரில் இல்லை.

எனக்கு இரவு டியூட்டி.
வார்டில் ஏழு பிள்ளைகள்.
பெயர் வைக்கும் வரைக்கும்
அம்மா பெயரில்தான் இருப்பார்கள்.
நஸீமா குழந்தை.
வண்டிப்பாளையம் பூங்கோதை குழந்தை.
ரோஸ்லின் குழந்தை, மஞ்சள் காமாலை, விளக்கடியில்.
கடைசிக் கட்டிலில்
அஞ்சலாட்சி குழந்தை,
சோனாங்குப்பம், ஆண்,
இரண்டு கிலோ எழுநூறு.

நான் உள்ளே வந்ததுமே
அஞ்சலாட்சிக்குச் சொல்லியாக வேண்டும்:
"காலையில அத்தன வெடி, அசையல.
சாயந்தரம் அத்தன வெடி, அசையல.
எங்கூட்டுப் புள்ள
வயித்துக்குள்ளயே கடல் இரைச்சல் கேட்டவன் சிஸ்டர்.
இதெல்லாம் ஒரு சத்தமா அவனுக்கு?"
பக்கத்துக் கட்டில்காரிகள் பொறாமையோடு சிரித்தார்கள்.
நானும்.

ஒன்பது நாற்பது.
செல்போன் கடையின் இந்தப் பக்கத்துப் பாதியில்
ஒரு அணுகுண்டு.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
மாத்திரைத் தட்டு மேசையில் அரை இஞ்ச் நகர்ந்தது.
ஆறு பிள்ளைகள் ஒரே நேரத்தில்
இரண்டு கைகளையும் விரித்தன,
கிளை முறிந்து விழுகிறவர்கள் போல.
பிறகு காற்றை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
அழத் தொடங்கின.

ஒன்று தூங்கியது.
உதட்டோரம் பால்.

அழுகிற ஆறையும் விட்டுவிட்டு அங்கே போனேன்.
ஸ்டீல் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டினேன்,
வலது காதருகே.
இடது காதருகே.
மூன்று கட்டில் தள்ளி
நஸீமா குழந்தை மறுபடி வீறிட்டது.

வாசலுக்குப் போகும்போது
திட்டு வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது.
இரண்டு பேர் ஓடிவிட்டார்கள்.
ஒருவன் ஓட மறந்து நின்றான்,
கையில் அணையாத ஊதுவத்தி.

"இன்னொன்னு இருக்கா?" என்றேன்.

அவன் டவுசர் பையை உள்ளங்கையால் பொத்தினான்.
"இல்லக்கா. சத்தியமா இல்ல.
ரூல்ஸ் தெரியும்க்கா.
காலையில ஆறுலேந்து ஏழு,
சாயந்தரம் ஏழுலேந்து..."
சுவரில் இருப்பதை வரிசை மாறாமல் ஒப்பித்தான்.
மடங்கிய வரி வந்ததும் நின்றான்.
புண்ணியகோடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஊதுவத்தியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு
பையன் போனான்,
நடந்தே.

அதற்குப் பிறகு ஒரு வெடி இல்லை.
நூறு மீட்டருக்கும்,
அதற்கு அடுத்த நூறுக்கும்,
கால்வாய்த் தவளைகள் மட்டும்.
இத்தனை வருஷத்தில்
இப்படி ஒரு தீபாவளி ராத்திரியை
இந்தத் தெருவில் நான் கேட்டதில்லை.

நோட்டில் நேரம் எழுதினேன்.
சத்தத்துக்கு அசைவில்லை என்று எழுதி
அடியில் கோடு போட்டேன்.
காது டாக்டர் புதன்கிழமைதான் வருவார்.
சில பிள்ளைகள் அசந்து தூங்கும்.
பால் மயக்கமாகக்கூட இருக்கும்.
பார்த்திருக்கிறேன்,
ஒன்றோ இரண்டோ.

அஞ்சலாட்சி கண் திறக்காமல் கேட்டாள்,
"நின்னுடுச்சா சிஸ்டர்?"

நின்னுடுச்சு.
தூங்கு.